இரட்டைக் கரு: ஆஸ்பத்திரியா, கைனியா, கரு மருத்துவ நிபுணரா?

வயிற்றில் இரட்டை என்று தெரிந்த அன்றே தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "நீங்க எல்லாரும் ஆர். கே. கான் ஆஸ்பத்திரியில பிறந்தவங்கதானே, என்ன குறைஞ்சு போச்சு?" என்பது அரசு ஆஸ்பத்திரியே போதும் என்னும் ஆயா கட்சி. "மாசாமாசம் மெடிக்கல் எய்டுக்குக் கட்டுறோமே, நல்ல கைனியைப் பார்ப்போம்" என்பது மாப்பிள்ளை கட்சி. மெடிக்கல் எய்ட் என்பது தனியார் மருத்துவக் காப்பீடு; கைனி என்பது தனியார் மகப்பேறு டாக்டர். வயிற்றில் இருக்கும் குழந்தையையே ஸ்கேனில் பார்த்துச் சிகிச்சை தரும் கரு மருத்துவ நிபுணர் என்று மூன்றாவதாக யாராவது வாயைத் திறந்தால், பணம் பிடுங்கும் வேலை என்று இரண்டு கட்சியும் கூட்டணி வைத்துக்கொள்ளும்.

இரு குழந்தைகளுக்கும் நஞ்சுக்கொடி (பிளசென்டா) ஒன்றா, தனித்தனியா என்று தெரியாமல் இந்தச் சண்டையில் இறங்குவதே வீண். அதை ஸ்கேனில் தெரிந்துகொள்ளச் சரியான காலம் 11 முதல் 14 வாரம் வரை. குழந்தைகளுக்கு நடுவில் உள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடம் ஆப்பு போல விரிந்திருந்தால் தனித்தனி. மெலிந்து நேராக நின்றால் ஒன்று. நாள் போகப் போக இந்த அடையாளம் மங்கிவிடும். இரண்டும் ஆணாகவோ பெண்ணாகவோ இருப்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத் தனித்தனி நஞ்சுக்கொடிதான்.

தனித்தனி என்றால் நான் ஆயா பக்கம் சாயத் தயார். பேட்டை கிளினிக்கோடு நிற்காமல், ஆஸ்பத்திரியின் ஹை ரிஸ்க் கிளினிக்குக்கு (ஆபத்து கூடிய கர்ப்பங்களுக்கான பிரிவு) மாற வேண்டும், அவ்வளவுதான். பிரஷர், சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் இரட்டைக் கர்ப்பத்தில் கூடுதலாக வரும். அவற்றைக் கவனிக்க அங்கே ஆள் உண்டு. மெடிக்கல் எய்ட் இல்லாத கர்ப்பிணிகளுக்கு 1994 முதல் அரசு மருத்துவம் இலவசம். குறை என்று பார்த்தால் நீண்ட வரிசை, ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், அப்புறம் அந்த ஆரம்ப ஸ்கேன் காலத்தில் கிடைக்காமல் போகும் ஆபத்து. கடைசிக் குறைதான் பெரிது. அந்த ஒரு ஸ்கேனை மட்டும் கைக்காசு போட்டு வெளியே எடுத்து, ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோவது நல்ல வழி.

கைனியிடம் போனால் ஒரே முகம், ஒவ்வொரு முறையும் ஸ்கேன், சந்தேகம் கேட்க நேரம். ஆனால் சிசேரியனைத் தவிர வேறு பேச்சு வராது என்ற பயமும் நியாயமானதே. இந்த நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலான பிரசவம் சிசேரியன்தான். முதல் குழந்தை தலை கீழாக இருந்தால், முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியன் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருவதில்லை என்று 2013இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டியது. இதைக் கேட்டு முகம் சுளிக்காத டாக்டராகப் பாருங்கள். இன்னொன்று: இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். அதனால் டாக்டரின் பெயரைவிட, அவர் பிரசவம் பார்க்கும் இடத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்பதே முக்கியம்.

நஞ்சுக்கொடி ஒன்று என்றால் இரண்டு கட்சிக்கும் நான் எதிர்க்கட்சி. அதற்குள் இருவரின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். 100இல் 10 முதல் 15 கர்ப்பங்களில் ஒரு குழந்தையின் ரத்தம் அளவுக்கு மீறி மற்றதற்குப் போய்விடும்: ஒன்றுக்குப் பனிக்குட நீர் வற்றும், மற்றதற்குப் பெருகும். விட்டுவிட்டால் இரண்டையுமே இழக்க நேரலாம். காலத்தில் கண்டால் லேசர் மூலம் அந்த இணைப்புகளை அடைக்கலாம். அதனால்தான் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தேவை. தனித்தனி நஞ்சுக்கொடிக்கு மாதம் ஒன்று போதும். இந்த ஸ்கேனைப் பழகிய கண்தான் பார்க்க வேண்டும். கைனியை விட வேண்டியதில்லை. அவர் பிரசவத்தைப் பார்க்கட்டும், நிபுணர் ஸ்கேனைப் பார்க்கட்டும். அரசு வழியில் வருபவர்களுக்கு கேட்டோ மேனரில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நேரே போய் நிற்க முடியாது, உங்கள் ஆஸ்பத்திரி கடிதம் தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். எந்த வழியில் போனாலும், வயிறு திடீரென்று இறுகி வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

பணம்? கர்ப்பமான பிறகு மெடிக்கல் எய்டில் சேர்ந்தால் அந்தக் கர்ப்பத்தின் செலவைத் தராமல் 12 மாதம் வரை விலக்கி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அவசரமாகச் சேர்ந்து ஏமாறாதீர்கள். ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் பல திட்டங்களில் ஸ்கேனுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. "ஒரே நஞ்சுக்கொடி" என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, கூடுதல் ஸ்கேனுக்கு முன் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். முறையீடு செய்ய அது வேண்டும்.