லிடலின் வழியா, ஷ்வைட்சரின் வழியா?

கிறிஸ்தவ ஊழியத்துக்காகக் கடல் கடப்பவர் தம் பழைய திறமையை ஒதுக்கி வைப்பதா, அதையும் ஊழியத்தில் இறக்குவதா?

ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் ஒதுக்கி வைத்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை, அது இறைவனுக்குரிய ஓய்வுநாள் என்பதால் 100 மீட்டர் ஓட்டத்தைத் துறந்தார். 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். மறு ஆண்டே, சீனாவில் தாம் பிறந்த தியான்ஜின் நகருக்கு ஆசிரியராகப் போய்விட்டார். அங்கும் எப்போதாவது ஓடினார், அவ்வளவுதான். போர்க்காலத்தில் ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் அடைபட்டபோது, பிள்ளைகள் சண்டையிடுவதைத் தடுக்க ஞாயிறன்றே விளையாட்டுக்கு நடுவராக நின்றார். ஒலிம்பிக்கில் காத்த கொள்கையைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தியதுதான் எனக்குத் தங்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1945 பிப்ரவரியில் மூளைக்கட்டியால் அங்கேயே இறந்தார்.

ஐரோப்பாவின் ஆர்கன் இசைக்கலைஞரும் இறையியலாளருமான ஆல்பர்ட் ஷ்வைட்சரோ இசையைக் கைவிடவில்லை. முப்பது வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1913இல் ஆப்பிரிக்காவில், காபோனின் லம்பரேனே ஊர் சேர்ந்து மருத்துவமனை தொடங்கினார். ஐரோப்பாவில் அவர் நடத்திய ஆர்கன் கச்சேரிகள் மருத்துவமனைக்குப் பணம் திரட்டின. நோபல் பரிசுத் தொகை தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனது. கூடவே உலகப் புகழும் வந்தது. ஆப்பிரிக்கர்களைச் சமமாக அல்ல, இளைய சகோதரர்களாகவே நடத்தினார் என்ற விமர்சனமும் உண்டு, அது நியாயமானதே.

மருத்துவமனை கட்ட வேண்டியவருக்கு ஷ்வைட்சரின் வழி பயன்படும், பணம் வேண்டுமே! பாராட்டுக்கு ஏங்கும் மனம் என்று தம்மை அறிந்தவர் லிடலின் பக்கம் போகட்டும்.