மாப்பிள்ளை ஊரை விசாரிக்க ‘குயிக் ஃபேக்ட்ஸ்’: எவ்வளவு நம்பலாம்?

வீட்டுக்கு அமெரிக்க வரன் வந்திருக்கிறதா, தரகர் ஊர்ப்பெருமை பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோ நடத்துகிற குயிக் ஃபேக்ட்ஸ் இணையப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். காசு கிடையாது, உள்ளே போகக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, போனிலேயே ஓடுகிறது. கவுண்டி பெயரை அடித்தால் மக்கள்தொகை, வயது, வீடு, வாடகை, படிப்பு, மருத்துவக் காப்பீடு, வருமானம், வறுமை எல்லாம் ஒரே அட்டவணையில் வந்து விழும். கவுண்டி என்பதை நம்ம ஊர் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவில் ரொம்ப ஏற்ற இறக்கம் உண்டு. டெக்சஸில் லவ்விங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பில் 64 பேர்தான், லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் ஒரு கோடிக்கு மேல். இரண்டுக்கும் ஒரே அட்டவணைதான்.

என் அக்கா மகளுக்கு வந்த வரன் ஆர்கன்சா மாநிலத்தின் பென்டன் கவுண்டி. அந்தக் கவுண்டிக்குத் தலைமையிடம் பென்டன்வில், வால்மார்ட் தலைமை அலுவலகம் இருக்கிற ஊர். ‘சின்ன ஊராமே, பிள்ளை தனியாக் கெடந்து என்ன செய்யும்’ என்று அக்காவுக்குக் கவலை. பார்த்தால் 2010-இல் 2,21,339 பேர், 2020-இல் 2,84,333 பேர். பத்தே வருஷத்தில் 28 சதவீத வளர்ச்சி. நம்ம சிவகங்கை மாவட்டம் 2001-இலிருந்து 2011-க்குள் 16 சதவீதம் போலத்தான் கூடியது, அதற்கு அப்புறம் நமக்குக் கணக்கெடுப்பே நடக்கவில்லை, அடுத்தது 2027-இல் என்கிறார்கள். அங்கேயோ பத்து வருஷக் கணக்கெடுப்புக்கு நடுவிலும் பிறப்பு, இறப்பு, வந்தவர் போனவர் என்று பார்த்து வருஷா வருஷம் மதிப்பீடு போட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இனி எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன், நம்ம ஆட்கள் அட்டவணையில் நேரே டாலர் போட்டிருக்கிற இடத்துக்குத்தான் போவார்கள். வருமானம் பற்றி இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று குடும்ப வருமானத்தின் நடு மதிப்பு, அதாவது எல்லா வீடுகளையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிற வீட்டின் வருமானம். அடுத்தது தலைக்கு வருமானம், இது வெறும் சராசரி. வால்மார்ட் நிறுவனர் குடும்பத்துப் பெரும் பணக்காரர்கள் இருக்கிற கவுண்டியில் சராசரி என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நடு மதிப்பைப் பாருங்கள், அதுவும் வீட்டில் சம்பாதிக்கிற எல்லாருடைய வருமானமும் சேர்ந்தது என்பதை மறக்காமல். மாப்பிள்ளை சம்பளத்தோடு நேரடியாக வைத்துப் பார்ப்பதற்கு இல்லை.

வாடகை, வீட்டு விலை எல்லாம் ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’ என்ற கணக்கிலிருந்து வருகிறது. வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளைத் தேர்ந்தெடுத்துக் கேள்வி அனுப்புகிறார்கள், குயிக் ஃபேக்ட்ஸில் வருவது ஐந்து வருஷத்துப் பதில்களைச் சேர்த்துப் போட்ட எண். வேகமாக வளர்கிற ஊரில் அது கொஞ்சம் பின்தங்கித்தான் நிற்கும். அட்டவணையில் வாடகை குறைவாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், இன்றைக்குப் புதிதாக வீடு எடுப்பவர் அதைவிடக் கூடத்தான் கொடுப்பார். வீட்டு விலை இன்னும் வேடிக்கை. இந்த வீட்டை விற்றால் எவ்வளவு போகும் என்று வீட்டுக்காரரையே கேட்டு வாங்கின எண் அது! இதே கேள்வியைச் செட்டிநாட்டில் கேட்டால் பர்மாத் தேக்குத் தூணுக்குத் தனி விலை, ஆத்தங்குடித் தளத்துக்குத் தனி விலை சொல்வார்கள், பங்காளிகள் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள், கடைசியில் விற்கவே மாட்டோம் என்பார்கள்.

‘ஒரு வீட்டுக்கு எத்தனை பேர்’ என்ற வரியையும் நம்ம கணக்கோடு ஒப்பிடாதீர்கள். இந்தியச் சென்சஸில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அமெரிக்காவில் தனி வாசல் உள்ள ஒரு வசிப்பிடத்தில் இருக்கிற எல்லாரும் ஒன்று, சொந்தமோ இல்லையோ. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தனிச் சமையலாக வேறு வைத்து, ஒரே வளவுக்குள், அதாவது ஒரே வீட்டு முற்றத்தைச் சுற்றி, நாலைந்து அடுப்பு எரிந்த வீடுகள் நம்முடையவை. அவர்கள் வந்து எண்ணினால் அந்த நாலைந்தை எப்படி எண்ணுவார்களோ!

பிடித்தது என்னவென்றால் இவர்களுடைய நேர்மை. சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ஒரு எழுத்து இருக்கும். ‘டி’ என்றால் ரகசியம் காக்க மறைத்திருக்கிறார்கள், ‘எஸ்’ என்றால் வெளியிடும் தரத்துக்கு அந்த எண் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருக்கிற சின்ன ‘ஐ’யைத் தொட்டால் எங்கிருந்து, எந்த வருஷம், எப்படி எடுத்தது என்று வந்துவிடும். அதைத் தொடாமல் எண்ணை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிற மாமாக்கள்தான் பிரச்சினை.

பிடிக்காதது, நமக்கு வேண்டிய கேள்விக்குப் பதிலே இல்லை. ‘நம்மாளுக எத்தனை பேரு இருக்காக?’ என்று என் மாமியார் கேட்டார், இங்கே ‘ஆசியர்’ என்று ஒரே வரிதான், அதில் சீனர், வியட்நாமியர், நாம் எல்லாரும் அடக்கம். மொழியும் அப்படித்தான், வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறவர் இத்தனை சதவீதம் என்பதோடு சரி. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளி என்று கோயில்வாரியாகக் கணக்கு வைத்துப் பழகின நகரத்தாருக்கு இது எப்படிப் போதும்? தனித்தனியாக வேண்டும் என்றால் சென்சஸ் பீரோவின் பெரிய தரவுத் தளத்துக்குப் போக வேண்டும், அங்கே வழி கண்டுபிடிப்பதற்குள் முகூர்த்தமே தாண்டிவிடும். தமிழிலும் இந்தப் பக்கம் கிடையாது. 2020 கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பத் தமிழில் வழிகாட்டி போட்டவர்கள் இதையும் போட்டிருக்கலாம்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒரே நேரத்தில் ஆறு ஊர்கள் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கவுண்டியோடு மாநிலத்தையும் மொத்த நாட்டையும் சேர்த்து வையுங்கள், அப்போதுதான் ஒரு எண் கூடவா குறைவா என்றே தெரியும். போனில் நாலாவது ஊருக்கு மேல் அட்டவணை பக்கவாட்டில் நழுவுகிறது, பெரிய திரையில் திறந்து அச்செடுத்துப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.