1987-ஆ, 1988-ஆ: பத்து ஜோடி சர்வைவர் சீரிஸ்

சர்வைவர் சீரிஸ் என்பது WWF (இன்றைய WWE) மல்யுத்த நிகழ்ச்சி. 1987, 1988 இரண்டிலும் பத்து ஜோடிகள் மோதிய ஓர் ஆட்டம் உண்டு; எதைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. இரண்டுமே அமெரிக்காவில், ஓஹையோவின் ரிச்ஃபீல்ட் கொலீசியத்தில் நடந்தவை. பக்கத்துக்கு ஐந்து ஜோடி, மொத்தம் 20 பேர். ஜோடியில் ஒருவர் அவுட்டானால் கூட்டாளியும் வெளியேற வேண்டும். இந்த விதிதான் சுவாரசியமே.

1987-இல் கணிப்பு எதுவும் பலிக்காது. சாம்பியன்களான ஸ்ட்ரைக் ஃபோர்ஸ் சீக்கிரமே காலி. முரட்டு ஜோடியான டெமாலிஷன் டிஸ்குவாலிஃபை. கடைசியில் மிஞ்சியது யங் ஸ்டாலியன்ஸும் கில்லர் பீஸும். சின்ன ஜோடிகளுக்கும் ஒருநாள் வாழ்வு வந்த ஆட்டம் என்றாலும், நெஞ்சில் நிற்கும் காட்சி என்று ஒன்றும் இல்லை.

1988-இல் அது இருக்கிறது. டெமாலிஷனின் ஸ்மாஷ் ஓடிவந்து கயிற்றில் சாயப்போகிறார்; அவர்களுடைய மேனேஜர் மிஸ்டர் ஃபூஜியே அதைக் கீழே இழுத்துவிடுகிறார். ஸ்மாஷ் வெளியே விழ, கவுன்ட் அவுட் (நடுவர் எண்ணி முடிப்பதற்குள் ரிங்குக்குள் திரும்பாததால் அவுட்). கேட்கப்போனால் ஃபூஜியின் கைத்தடி அடி. பதிலுக்கு ஃபூஜியைத் தூக்கிப் போடுகிறார்கள். அவரைக் கைதூக்கி எழுப்புவது யார்? எதிரணி ஜோடியான பவர்ஸ் ஆஃப் பெயின்! ஒரே நிமிடத்தில் வில்லன்கள் நல்லவர்கள், நல்லவர்கள் வில்லன்கள். ஃபூஜி ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அன்று சரியான விளக்கம் இல்லை. அதுவும் ஒரு அழகுதான்.

நடுவில் கொஞ்சம் இழுவை, உண்மை. ஆனால் ராக்கர்ஸும் பிரெயின் பஸ்டர்ஸும் கட்டிப்புரண்டு இரண்டு ஜோடியுமே வெளியேற்றப்படுவது அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால், யோசிக்காமல் 1988.