ரய்யான்: பெயரை எழுதித் தரும் ஒரு கடையும் அதன் பொருள் அட்டையும்

சிங்கப்பூரின் கம்போங் கிளாமில், சுல்தான் பள்ளிவாசலிலிருந்து சில நிமிட நடையில் உள்ள ஒரு சிறு கடையில், பிறந்த குழந்தையின் பெயரை அரபு எழுத்தணியில் கையால் எழுதி, அதன் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் அதே பெயரை இட்டு, பெயரின் பொருளையும் அது எவ்வளவு பிரபலம் என்பதையும் சொல்லும் அட்டை ஒன்றைச் சேர்த்து ஃபிரேம் போட்டுத் தருகிறார்கள். எங்கள் பேரனுக்கு ரய்யான் என்று பெயர் வைக்க முடிவானதும், குழந்தை பிறந்ததற்கு நன்றியாக ஆடறுத்துத் தரும் அகீகா விருந்தன்று கூடத்தில் வைப்பதற்காக ஒன்று எழுதி வாங்கினோம். எழுத்து வேலையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அட்டையில் இருந்ததை அப்படியே ஏற்க முடியவில்லை. பெயர் தேடும் நம் குடும்பங்கள் பலவும் இத்தகைய அட்டைகளையும் கைப்பேசிச் செயலிகளையும் நம்பியே முடிவெடுப்பதால், எழுத்தையும் அட்டையையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எழுத்து. அரபியில் இந்தப் பெயருக்கு ரா, யா, அலிஃப், நூன் என நான்கே எழுத்துகள். ராவும் அலிஃபும் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேராதவை என்பதால், சொல் மூன்று துண்டுகளாகத்தான் நிற்கும்: ரா தனியாக, யாவும் அலிஃபும் இணைந்து, நூன் தனியாக. கணினி எழுத்துருவில் அச்சடித்தால் துண்டுகளுக்கிடையே இடைவெளி அகன்று பெயர் உதிர்ந்துபோய்த் தெரியும். இங்கே எழுதியவர் துலுத் என்னும் அரபு எழுத்தணிப் பாணியில், ராவின் வாலை யாவின் அடிவரை நீட்டி, நூனின் குழிந்த வயிற்றை அலிஃபின் பாதத்துக்கு நெருக்கி, மூன்றையும் ஒரே சொல்லாகக் கட்டியிருக்கிறார். யாவின் கீழுள்ள இரண்டு புள்ளிகளும் நூனின் மேலுள்ள ஒரு புள்ளியும் நாணல் பேனாவின் முனையைச் சாய்த்து வைத்து எடுத்த சாய்சதுரங்கள். மூன்றும் ஒரே அளவு. அந்தப் புள்ளிதான் இக்கலைக்கு அளவுகோல். அப்பாசியக் கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்து 940ஆம் ஆண்டு மறைந்த இப்னு முக்லா வகுத்த முறைப்படி, எழுத்தின் உயரமும் வளைவும் பேனாமுனை இடும் புள்ளியைக் கொண்டே அளக்கப்படுகின்றன. கடையில் மாதிரிக்குத் தொங்கவிட்டிருந்த மற்றப் பெயர்களிலும் இந்த அளவு பிசகவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம்.

யாவின் மேல் ஷத்து இருக்கிறது. அன்றாட அரபு எழுத்தில் அதை விட்டுவிடுவது வழக்கம் என்றாலும், பெயரை எழுதும்போது விடக்கூடாது என்பது என் கருத்து. மூன்று பல் கொண்ட அந்தச் சிறு குறிதான் யாவை அழுத்தி ஒலிக்கச் சொல்கிறது. தமிழில் ‘ய்யா’ என்று எழுதிவிடுவதால் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆங்கிலத்தில்தான் தொல்லை. ஒரே ஒரு ‘ஒய்’ போட்டுப் பதிந்துவிட்டால், நாளை பள்ளியில் தமிழாசிரியர் வருகைப் பதிவேட்டில் ‘ராயன்’ என்று எழுதினால் அவரைக் குறைசொல்ல முடியாது. ராயன் என்பதும் நல்ல பெயர்தான், ஆனால் அது வேறு பெயர்.

இனி அட்டை. ‘சொர்க்கத்தின் வாசல், அரசன், அழகானவன்’ என்று மூன்று பொருள்களை அடுக்கி, கீழே ‘உலகெங்கும் மிகப் பிரபலம்’ என ஐந்து நட்சத்திரங்கள் இட்டிருந்தார்கள். முதலாவது பொருள் பாதிதான் சரி. மற்ற இரண்டுக்கும் அரபியில் வேர் இல்லை. இந்தச் சொல் நீர் அருந்தித் தாகம் தணிவதைக் குறிக்கும் வினையடியில் பிறந்தது. தாகித்திருப்பவனுக்கு அரபியில் ‘அத்ஷான்’ என்றால், அதற்கு நேர் எதிராக, வயிறார நீர் பருகித் தாகம் தீர்ந்தவன் ‘ரய்யான்’. நீர் வளத்தால் செழித்து நிற்கும் பயிருக்கும் இதே அடியிலிருந்து சொல் வரும். சொர்க்கத்தில் ரய்யான் என்றொரு வாசல் உண்டு, மறுமை நாளில் நோன்பாளிகள் மட்டுமே அதன் வழியாக நுழைவார்கள், அவர்கள் நுழைந்ததும் அது அடைக்கப்படும் என்ற நபிமொழி ஸஹ்ல் இப்னு ஸஅத் அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. அவ்வழியே நுழைந்தவர் பிறகு ஒருபோதும் தாகிக்க மாட்டார் என்று திர்மிதி தொகுப்பின் அறிவிப்பில் கூடுதலாக வருகிறது. அல்லாஹ்வுக்காகத் தாகத்தைப் பொறுத்திருந்தவர்களுக்கு, தாகம் தீர்ந்ததைக் குறிக்கும் பெயரிலேயே வாசல் அமைந்திருக்கிறது. இந்தத் தொடர்பைச் சொல்லாமல் ‘சொர்க்கத்தின் வாசல்’ என்று மட்டும் அச்சிட்டுவிட்டால், பெயரின் அழகில் பெரும்பகுதி அட்டைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

‘அரசன்’ எப்படி உள்ளே வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். அயர்லாந்து வழக்கிலிருந்து வந்த ‘ரயன்’ என்ற ஆங்கிலப் பெயருக்குச் சிற்றரசன் என்றுதான் பொதுவாகப் பொருள் கூறுவார்கள். ஒலி ஒத்திருப்பதால் இரண்டு பெயர்களின் பொருளையும் ஒன்றாகக் கொட்டிவிடும் பட்டியல்கள் ஏராளம். யூசுஃப் நபியின் காலத்து எகிப்து மன்னனை ரய்யான் இப்னுல் வலீத் என்று பழைய வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுவதால், அப்பெயருடன் ஓர் அரசன் பேசப்படுகிறான் என்று சொல்லலாமே தவிர, பெயருக்கே அரசன் என்று பொருள் கொள்ள இடமில்லை. ‘அழகானவன்’ என்பதற்கு இந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ரைஹான் என்பது முற்றிலும் வேறு பெயர். அது நறுமணச் செடியைக் குறிக்கும். குர்ஆனில் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் வருகிறது. கடையின் விலைப்பட்டியலில் இரண்டையும் ஒரே வரியில் ‘ரய்யான் / ரைஹான்’ என்று போட்டிருந்தார்கள். அவசரத்தில் வருபவர்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று எண்ணிவிடக்கூடும்.

ஐந்து நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை எண்ணிச் சொல்வது பார்ப்பதற்கு எளிதாகத் தெரிந்தாலும், எழுத்துக்கூட்டல் மாறினால் கணக்கே மாறிவிடும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2023ஆம் ஆண்டு பிறந்த ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர் முகம்மது. நோவா என்ற பெயரை அது அந்த ஆண்டில் பின்னுக்குத் தள்ளியது. அங்குள்ள தேசியப் புள்ளிவிவர அலுவலகம் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனிப் பெயராகவே எண்ணுகிறது என்பதால், அந்த முதலிடம் முகம்மதின் பல வடிவங்களுள் ஒன்றுக்கு மட்டுமே உரியது. ரய்யானுக்கும் ஆங்கிலத்தில் மூன்று நான்கு வடிவங்கள் புழங்குகின்றன. எந்த வடிவத்தை, எந்த நாட்டில் எண்ணினார்கள் என்று சொல்லாத நட்சத்திரத்தால் பெற்றோருக்குப் பயனில்லை.

நம் கண்முன் நடப்பது இதைவிடத் தெளிவானது. சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களில் என் அத்தா தலைமுறையில் சாகுல் ஹமீது, அப்துல் காதர், முகைதீன், சேக் தாவூது என்றே பெயர்கள் இருந்தன. நாகூர் ஆண்டவரையும் பக்தாதின் முகைதீன் ஆண்டவரையும் நெஞ்சில் வைத்திருந்த ஊர்களிலிருந்து அப்பெயர்கள் கப்பலேறி வந்தன. தெலுக் ஆயர் தெருவில் இன்றும் நிற்கும் நாகூர் தர்கா அந்தப் பற்றின் சின்னம். இன்றைய இளம் பெற்றோர் ரய்யான், ஜைத், உமர் போன்ற சிறிய பெயர்களை நாடுகிறார்கள். அந்தப் பழைய பெயர்கள் அருகிவருவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் ரய்யான் பரவியதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அரபிக்கே உரிய தொண்டை எழுத்து ஒன்றுகூட இதில் இல்லை. காதரின் ‘காஃப்’, ஹமீதின் ‘ஹா’ ஆகியவை தமிழன் நாவிலும் சீனர் நாவிலும் மாறித்தான் ஒலிக்கும். ரய்யானைத் தமிழரும் மலாய்க்காரரும் சீன ஆசிரியரும் ஏறக்குறைய ஒரே மாதிரி அழைக்கலாம். பல மொழிக்காரர்கள் ஒரே வகுப்பில் உட்காரும் ஊரில் இது சின்ன விஷயமன்று.

கடைக்காரரின் நடத்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதத் தொடங்கும் முன், பதிவில் இருக்கும் முழுப்பெயரைக் காட்டச் சொல்லி, ஷத்து வேண்டுமா என்றும் அவரே கேட்டார். அட்டையிலிருந்த பொருளைச் சுட்டிக்காட்டியபோது, “நீங்க சரியா எழுதிக் குடுங்கண்ணே, அதையே அச்சடிச்சுத் தர்றேன்” என்று சொல்லி, மறுநாளே கூடுதல் கட்டணம் இல்லாமல் மாற்றித் தந்தார். ஒரு குறை மட்டும் ஃபிரேமில் உண்டு. கண்ணாடி தாளின் மேல் நேரடியாகப் படிகிறது. இங்குள்ள ஈரப்பதத்தில் நாளடைவில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், இடையில் கெட்டி அட்டை விளிம்பு வைத்துத் தருமாறு முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏ4 அளவுக்கு 95 வெள்ளி வாங்கினார்கள், கையெழுத்து வேலைக்கு அது நியாயமான விலை. எழுதி முடிக்க ஒரு வாரம் ஆகும். ஏழாம் நாள் அகீகாவுக்கு வேண்டுமென்றால் குழந்தை பிறந்த அன்றே சொல்லிவைக்க வேண்டும். பிறப்பைப் பதிவதற்கு 42 நாள் அவகாசம் இருப்பதால், அரபு எழுத்தைக் கண்ணால் பார்த்து, இரட்டை ‘ஒய்’ வேண்டுமா என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பதியலாம். பொருள் அட்டை வேண்டாம் என்று சொன்னால் விலையில் பத்து வெள்ளி குறைத்துக்கொள்கிறார்கள்.