வேகத்தைக் காட்டி விற்ற வில்: மான் வேட்டைக்குக் கருவி வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் உரிமம் எடுத்து, மாநில விதிகளுக்கு உட்பட்டு, வில்லைக் கொண்டு வெள்ளைவால் மான் வேட்டையாடும் தமிழர்கள் சிலராவது இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். வில்வித்தைக் கருவிகளுக்கென்றே நடத்தப்படும் ஒரு கடையில், "வேட்டைக்குத் தயார்" என்ற பெயரில் காம்பவுண்ட் வில் (முனைகளில் சுழலும் சக்கரம் கொண்ட வில்), அம்புகள், சைட் (குறிபார்க்கும் கருவி), ரிலீஸ் (நாணை விடுவிக்கும் கருவி) எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எனக்கு விற்றார்கள். வில் என் உடலளவுக்குப் பொருந்தாமல் அமைக்கப்பட்டிருந்தது. அம்புகளோ அந்த வில்லில் வைத்து எய்யவே கூடாதவை. பிறகு அதே கடையில் வாங்கிய பிராட்ஹெட்டுகள், அதாவது வேட்டைக்கான வெட்டு முனைகள், போலியானவை. தகராறு இன்னும் முடியாததால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. எந்த முறையில் ஏமாற்றினார்கள் என்பதைத்தான் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்த முறை ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று.

எல்லாம் வேகத்தில் தொடங்கியது. கடைக்குள்ளேயே இருந்த பயிற்சிக் களத்தில் குரோனோகிராஃப் எனப்படும் வேகமானியை வைத்து, அதன் ஊடாக என்னை எய்யச் சொன்னார்கள். திரையில் வினாடிக்கு 300 அடி என்ற எண் விழுந்ததும் விற்பனையாளர் கைதட்டினார். அந்த எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். அந்த எண் எப்படி வந்தது என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்தே தெரிந்தது.

வில்லின் விளம்பரத்தில் அச்சாகும் வேகம் பெரும்பாலும் ஐபிஓ என்ற வில்வேட்டை அமைப்பின் அளவுகோலில் சொல்லப்படுவது. அந்த அளவுகோலில் வில்லின் இழுவிசை (நாணை இழுக்கத் தேவையான விசை) 70 பவுண்டு, இழுநீளம் (நாணை முழுதாக இழுக்கும் நீளம்) 30 அங்குலம், அம்பின் எடை 350 கிரெயின் (அம்பை எடைபோடும் மிகச் சிறிய அலகு). இழுநீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தாலே ஏறத்தாழ 10 அடி வேகம் குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. இழுவிசை குறைந்தாலும் அம்பின் எடை கூடினாலும் மேலும் குறையும். எனக்குப் பொருந்துவது 60 பவுண்டு இழுவிசையும் 28 அங்குல இழுநீளமும்தான். ஒழுங்கான வேட்டை அம்பைக் கொண்டு இந்த அளவில் எய்தால் அந்த வில் 255 அடியை ஒட்டித்தான் காட்டும். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் 255 என்ற எண்ணுக்கு யாரும் கைதட்டுவதில்லை. ஆகவே எண்ணை உயர்த்துவதற்காக இழுநீளத்தை 29.5 அங்குலத்துக்கு வைத்தார்கள். அம்பை மிக மெல்லியதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் நுனியிலும் 75 கிரெயின் பயிற்சி முனையை மாட்டினார்கள்.

இழுநீளம் ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்பதை உடம்புதான் முதலில் சொல்லும். வில்லைப் பிடிக்கும் கை முழங்கையில் நீண்டு பூட்டிக்கொள்கிறது, நாண் முகத்தில் வழக்கமாகப் படியவேண்டிய இடத்தைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போகிறது, நாணில் பொருத்திய பீப் சைட் என்ற சிறு துளையோடு கண்ணைப் பொருத்துவதற்காகத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கிறது. விடுவித்த நாண் முன்கையில் உரசியதில் கோடைக்காலம் முழுவதும் என் இடது கையில் நீலமாகக் கன்றிப்போன தடம் இருந்தது. இதைக் காட்டி முறையிட்டபோது, இது தொடக்கநிலை எய்பவர்களின் நிலைப்பாட்டுக் கோளாறு என்று சொல்லி, அதைச் சரிசெய்யத் தனிப் பயிற்சி வகுப்புகளையும் எனக்கே விற்றார்கள். வகுப்பெடுத்தவர் ஒரு முறைகூட அளவுநாடாவைக் கையில் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுநீளத்தின் தொடக்கக் கணக்கு கிடைத்துவிடும். 70 அங்குலத்துக்கு 28 என்பதுதான் அந்தக் கணக்கு. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

அம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து இருந்த இடம் அதுதான். கார்பன் அம்புத்தண்டின் விறைப்பை ஸ்பைன் எண்ணால் குறிப்பார்கள். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால், அது எத்தனை ஆயிரத்திலொரு அங்குலம் வளைகிறதோ அதுவே அந்த எண். ஆகவே 500 என்றால் அரை அங்குலம் வளைகிறது. 400 என்றால் அதைவிடக் குறைவாக வளைகிறது, அதாவது விறைப்பு அதிகம். எண் பெரியதானால் அம்பு வலுவானது என்று நினைக்கும் வாடிக்கையாளரிடம் அதை அப்படியே விற்றுவிடலாம். என் இழுவிசைக்கும் நீளத்துக்கும் 400ஐ ஒட்டிய தண்டு தேவைப்பட, எனக்குக் கொடுத்தது 500. அது எடை குறைந்தது என்பதே கொடுத்ததற்குக் காரணம். பயிற்சி முனையோடு சேர்த்து ஓர் அம்பின் மொத்த எடை 290 கிரெயின். பெரும்பாலான வில் தயாரிப்பாளர்கள் இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் அம்பெடை இருக்க வேண்டும் என்கிறார்கள். 60 பவுண்டுக்கு அது 300. அதற்குக் கீழே போனால் அம்பு ஏற்காத ஆற்றல் வில்லின் லிம்புகளுக்கும் (வளையும் கைகள்) கேமுக்கும் (முனைச் சக்கரம்) நாணுக்குமே திரும்புகிறது; அம்பே இல்லாமல் வெறும் நாணை விடுவதை நோக்கி ஓர் அடி எடுத்து வைப்பது போன்றது அது. லிம்ப் பிளந்தால் உத்தரவாதமும் செல்லாது.

எங்கள் பகுதியில் நெடுங்காலமாக வில்வேட்டைக்குப் போகும் தமிழ் அண்ணன் ஒருவர், தம் வீட்டுத் தராசில் இந்த அம்பை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை இனிமேல் ஒரு தடவைகூட நாணில் வைக்காதீங்க" என்றார். பிறகு தண்டை இரண்டு கைகளாலும் பிடித்து, காதருகே வைத்து மெல்ல வளைத்துச் சுழற்றினார். இரண்டு அம்புகளில் மெல்லிய நெறுநெறுப்பு கேட்டது. விரிசல் கண்ட கார்பன் தண்டு, நாணை விட்ட கணத்தில் நொறுங்கி, வில்லைப் பிடித்திருக்கும் கையிலேயே பாயக்கூடியது.

வேகம் என்ற வாதத்தையும் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அம்பின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் வரும். 290 கிரெயின் அம்பு 300 அடி வேகத்தில் ஏறத்தாழ 58 அடி-பவுண்டு தருகிறது. 420 கிரெயின் அம்பு 255 அடி வேகத்தில் 60க்கும் சற்று மேல் தருகிறது. எடையையும் வேகத்தையும் வெறுமனே பெருக்கிவரும் உந்தத்தைப் பார்த்தால், கனமான அம்பு கிட்டத்தட்ட கால்வாசி அதிகம். விலாவைத் துளைத்து மறுபக்கம் வெளியேறுவதற்கு வேண்டியது இதுதான். மான் நாணொலி கேட்டுத் தப்புவதற்குள் அம்பு போய்ச் சேர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதும் கணக்கில் நிற்கவில்லை. 20 கெஜம் என்பது 60 அடி. ஒலி அதை ஏறத்தாழ 0.05 வினாடியில் கடக்கிறது. 300 அடி வேக அம்புக்கு 0.20 வினாடியும் 255 அடி வேக அம்புக்கு 0.235 வினாடியும் ஆகின்றன. எந்த அம்பானாலும் ஒலிதான் முதலில் போய்ச் சேருகிறது. பதற்றமாக இருக்கும் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. அதற்கு மருந்து வில்லின் ஓசையைக் குறைப்பதும், மான் நிதானமாக இருக்கும்போது கிட்டத்தில் எய்வதும்தான். இலகுவான அம்போ வில்லின் ஓசையைக் கூட்டுகிறது.

பிராட்ஹெட்டுகளைச் செப்டம்பரில் வாங்கினேன். பறக்கும்போது மடங்கியிருந்து, படும்போது இரண்டு அங்குல அகலத்துக்கு விரியும் வகை அவை. பெட்டி ஒரு பிரபலமான தயாரிப்பின் பெட்டியைப் போலவே இருந்தது. விலை மட்டும் குறைவு, அதற்குக் கையிருப்பை விற்றுத் தீர்க்கும் சலுகை என்று காரணம் சொன்னார்கள். முனை இவ்வளவு அகலமாக வெட்டுவதால் எங்கே பட்டாலும் மான் விழுந்துவிடும் என்றும், சற்று முன்புறம் திரும்பி நின்றாலும் தயங்காமல் எய்யலாம் என்றும் விற்பனையாளர் அறிவுரை சொன்னார். இது மோசடியைவிட மோசமான அறிவுரை. விரியும் முனை தன் கத்திகளைத் திறப்பதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது, அகலம் கூடக்கூட ஊடுருவலுக்கு எதிர்ப்பும் கூடுகிறது. நம்மை நோக்கித் திரும்பி நிற்கும் மானில் தோள் எலும்பு குறுக்கே நிற்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானும், நம்மிடமிருந்து சற்று விலகித் திரும்பிய மானும்தான் அம்பு இரண்டு நுரையீரல்களையும் கடக்க இடம் தருகின்றன.

அக்டோபர் மாலை ஒன்றில், காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியிருந்த நேரத்தில், மரத்தில் கட்டிய ட்ரீ ஸ்டாண்ட் என்ற மேடையிலிருந்து ஏறத்தாழ 20 கெஜத்தில் பக்கவாட்டில் நின்ற பெண்மான்மீது எய்தேன். அதன் முன்கால் முன்னே நீண்டிருந்தது, இதைவிட நல்ல நிலை அமையாது. அம்பு நேராகப் போகவில்லை. வால்பகுதி இடமும் வலமும் ஆட, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி போய் விலாவில் பட்டது. ஏற்கெனவே விறைப்புப் போதாத தண்டின் நுனியில் 75க்குப் பதிலாக 100 கிரெயின் முனையை ஏற்றியதும், விடுவிக்கும்போது அது இன்னும் அதிகமாக வளைந்ததே காரணம். அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து இறங்கிப் பார்த்தபோது அம்பு முறிந்து கிடந்தது. முனையின் ஒரு கத்தி அச்சோடு பிய்ந்துபோயிருந்தது. இன்னொன்று விரியவே இல்லை. பொருத்தும் திருகின் தலை நசுங்கி ஈயம்போல் மழுங்கியிருந்தது. தண்டில் இரத்தம் படிந்திருந்தது உள்ளங்கை அகலத்துக்கு மட்டுமே. நுரையீரல் பட்டிருந்தால் நுரையோடு இளஞ்சிவப்பாக இருக்கும். இங்கே நுரை இல்லை. மறுநாள் காலை, கயிற்றில் பிடித்த மோப்ப நாயோடு தேடித்தரும் ஒருவரை அழைத்து வந்தேன். ஓடைவரை சென்ற தடம் அங்கே அற்றுப்போனது. அந்த மானின் முடிவு என்ன என்று எனக்குத் தெரியாது.

கடைக்குப் போய்க் காட்டியபோது, மான் அசைந்திருக்கும் என்றார்கள். எய்த அம்பைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். தொகுப்பை நானே விரும்பித் தேர்ந்தெடுத்ததாகக் கணினியில் பதிவாகியிருக்கிறது என்றார்கள். மிஞ்சியிருந்த பிராட்ஹெட்டுகளைத் தராசில் வைத்தால் 100 கிரெயின் என்று போட்டிருந்தவை 92 முதல் 109 வரை காட்டின. படங்களோடு அசல் தயாரிப்பாளருக்கு எழுதினேன். அவை தங்களுடையவை அல்ல என்று எழுத்தில் பதில் வந்தது.

பணம் கட்டுவதற்கு முன் கடையில் கேட்க வேண்டியவை எளியவை. கைகளை விரித்து அளக்கச் சொல்லுங்கள். இழுநீளம், இழுவிசை, ஸ்பைன், வேட்டை முனையோடு சேர்ந்த அம்பின் மொத்த எடை ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேகமானியில் எய்வதானால் வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே அம்பை, அதே எடை முனையோடு எய்யுங்கள். காகிதத்தை விரித்துக் கட்டி அதன் ஊடாக எய்து, கிழிசல் ஒரு பக்கமாக நீள்கிறதா என்று பார்க்கும் சோதனையை நல்ல தொழில்நுட்பர் எவரும் மறுக்கமாட்டார். பழைய வில்லைப் புதுப்பித்து விற்கிறார்களோ என்ற ஐயம் இருந்தால், புதிய நாணைப் பார்த்து மயங்காமல் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபாருங்கள். லிம்பின் ஓரங்களில் பஞ்சை நீளவாக்கில் தடவுங்கள், நுண்ணிய பிளவு இருந்தால் பஞ்சிழை சிக்கிக்கொள்ளும். குளிர்காலத்துக்கான தடித்த மேலங்கியை அணிந்தும், இடுப்பை வளைத்துக் கீழ்நோக்கியும் நாணை இழுத்துப் பாருங்கள். 80 சதவீத லெட்-ஆஃப் (முழு இழுப்பில் விசை குறையும் அளவு) உள்ள 60 பவுண்டு வில்லில் முழு இழுப்பில் தாங்க வேண்டியது 12 பவுண்டுதான், அதைக்கூட அமைதியாகப் பிடித்திருக்க முடியவில்லை என்றால் நீளம் தவறாக இருக்கக்கூடும்.

கடன் அட்டையில் வாங்குவோர் ஒரு தேதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டபடி பொருள் தரப்படவில்லை என்ற முறையீட்டை, அந்தத் தொகை முதன்முதலாக இடம்பெற்ற கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் அட்டை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். செப்டம்பரில் வாங்கிய பிராட்ஹெட்டுகளுக்கு அந்தக் கெடு எனக்கு மிச்சமிருந்தது. தயாரிப்பாளரின் கடிதத்தை இணைத்து அனுப்பியதும் பணம் திரும்பியது. ஜூன் மாதச் சலுகையில் வாங்கிய வில்லுக்கும் அம்புகளுக்கும் கெடு முடிந்துபோயிருந்தது, அவற்றுக்காக மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் கொடுத்த முறையீடு நிலுவையில் இருக்கிறது. கோடையில் வாங்கி, இலையுதிர்காலத்தில்தான் முதன்முதலாக வேட்டை முனையை மாட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இதே நிலைதான் வரும். ஆகவே வாங்கிய வாரத்திலேயே 100 கிரெயின் முனையை மாட்டி 20 கெஜத்தில் எய்து பார்த்துவிடுங்கள்.