கூப், ஃப்ளூட், டியூலிப்: ஷாம்பெயினை எந்த கிளாஸில் ஊற்றுவது?

ஒரு சாதாரண ஷாம்பெயின் பாட்டிலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அந்த 750 மில்லி மதுவில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 9 கிராம். அதை முழுக்க வெளியே விட்டால் 5 லிட்டர் வாயு வரும். கார்க்கைத் திறந்த நொடியிலிருந்து அந்த வாயு வெளியேறப் பார்க்கிறது, போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. கிளாஸின் வேலை இதைக் கட்டுப்படுத்துவதுதான். வாயு எவ்வளவு வேகமாகப் போக வேண்டும், மணம் எங்கே தங்க வேண்டும், இரண்டில் எது முதலில் மூக்கைத் தொட வேண்டும் என்பதையெல்லாம் கிளாஸின் வயிறும் வாயும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஷாம்பெயினுக்கு, வயிறு அகன்று வாய் குறுகிய டியூலிப். அது கைவசம் இல்லையென்றால் சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ். ஒல்லிக் குழலான ஃப்ளூட் கண்ணுக்கு விருந்து, மூக்குக்கு இல்லை. அகன்ற கிண்ணமான கூப் இனிப்பு ஷாம்பெயினுக்கும் காக்டெயிலுக்கும் போதும்.

கூப் என்பது ஆழமில்லாத, வாய் அகன்ற கிண்ணம். பழைய ஹாலிவுட் படங்களில் விருந்துக் காட்சி வந்தால் எல்லார் கையிலும் இதுதான் இருக்கும். இதன் வடிவம் பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் மார்பை அச்செடுத்தது என்று ஒரு கதை இன்னும் சுற்றுகிறது. அது உண்மையில்லை. கதை எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1780களின் கடைசியில் ராம்புயே மாளிகையில் ராணிக்காகக் கட்டிய பால்மனைக்கு, செவ்ர் பீங்கான் ஆலை மார்பு வடிவக் கிண்ணங்களைச் செய்து கொடுத்தது. அவை பால் குடிக்கச் செய்தவை. ஷாம்பெயினுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கூப் தன் காலத்துக்குப் பொருந்திய கிளாஸ் என்பதை மறுக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு ஷாம்பெயின் இன்று நாம் குடிப்பது போன்றது இல்லை. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை கலந்து விற்ற காலம் அது. இனிப்பு குறைந்த இன்றைய புருட் வகையில் 12 கிராமுக்கும் குறைவு. அந்த அளவு இனிப்பில், உணவு முடிந்தபின் இரண்டு மடக்கு குடிக்கும்போது நுண்ணிய மணத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இன்றைய புருட்டைக் கூப்பில் ஊற்றினால்தான் சிக்கல் தெரியும். காபியை டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிப்போவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கும். மேற்பரப்பு அகலம், ஆழம் குறைவு. குமிழி எழும்ப இடமில்லை, மணத்தைப் பிடித்து வைக்கச் சுவரும் இல்லை. பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டால் கிளாஸில் மிஞ்சுவது தட்டையான, புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும் வெள்ளை ஒயின்.

இதற்கு மாற்றாக 1970களிலும் 80களிலும் ஃப்ளூட் உலகெங்கும் பரவியது. ஒல்லியான உயரமான குழல். உணவகங்களுக்கும் விழா நடத்துபவர்களுக்கும் இது மிக வசதி. தட்டில் நெருக்கி அடுக்கலாம், நடக்கும்போது சிந்தாது, 100 மில்லி ஊற்றினாலே கிளாஸ் நிறைந்தாற்போல் தெரியும். அடியிலிருந்து மேல்வரை மணிமாலையாக ஏறும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த அழகில் இதை வெல்ல வேறு கிளாஸ் கிடையாது.

ஆனால் குடிப்பதற்கு? இங்கேதான் பிரான்சின் ரான்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேரின் ஆய்வுகள் உதவுகின்றன. ஷாம்பெயின் குமிழியையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர் அவர். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவரது குழு ஒரே ஷாம்பெயினை ஃப்ளூட்டிலும் கூப்பிலும் ஊற்றி, குடிப்பவரின் மூக்கு வரும் இடத்தில் என்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தது. ஃப்ளூட்டின் வாயருகே கார்பன் டை ஆக்சைடின் செறிவு கூப்பைவிட மிக அதிகமாக இருந்தது. ஃப்ளூட்டில் முதல் முறை முகரும்போது மூக்குக்குள் சுர்ரென்று ஏறுமே, அது இதனால்தான். அந்த எரிச்சல் வாசனை நரம்பின் வேலையில்லை. முகத்தில் வலியையும் தொடுகையையும் உணரும் வேறொரு நரம்பு அதைப் பிடிக்கிறது. அது ஓங்கி நிற்கும்போது மெல்லிய மணங்கள் அமுங்கிப்போகும்.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இன்னொன்று உண்டு. நன்றாகக் குளிர வைத்தால் இந்தச் சுர் குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் குளிர வைத்தபோது குறைந்தது ஆல்கஹால் ஆவி. கார்பன் டை ஆக்சைடு குறையவில்லை. அதாவது ஃப்ளூட்டின் குறையை ஃப்ரிட்ஜால் சரிசெய்ய முடியாது, கிளாஸைத்தான் மாற்ற வேண்டும்.

ஃப்ளூட்டில் குமிழி நுணுக்கமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. குமிழி மேலே ஏற ஏறச் சுற்றியுள்ள வாயுவை உறிஞ்சிப் பெரிதாகிறது. ஏறும் தூரம் நீண்டால் மேலே வந்து சேரும்போது பெரிதாகத்தான் இருக்கும். பழைய ஷாம்பெயினில் குமிழி சிறியதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், வருடக்கணக்கில் கார்க் வழியாகக் கொஞ்சம் வாயு கசிந்து போயிருப்பது.

ஃப்ளூட்டின் பெரிய குறை இன்னும் எளிமையானது. அதில் மூக்கு நுழையாது. மேல்வரை ஊற்றுவதால் மணம் சேர இடமும் இருக்காது. ஈஸ்ட் கசடோடு நீண்ட நாள் கிடந்ததால் வந்த ரொட்டி வாசனை, வறுத்த பாதாம் வாசனை, அதற்கடியில் எலுமிச்சைத் தோலின் வாசனை என்று ஷாம்பெயினின் அருமையே மணத்தில்தான் இருக்கிறது. சட்டப்படி சாதாரண ஷாம்பெயினுக்கே குறைந்தது 15 மாதங்கள் பாதாள அறையில் இருந்தாக வேண்டும், ஆண்டு குறித்த வின்டேஜ் வகைக்கு 3 ஆண்டுகள். அத்தனை காலம் காத்திருந்து செய்ததைக் குழலுக்குள் அடைத்துக் கொடுப்பது அதைச் செய்தவர்களுக்கு நியாயமில்லை.

சரி, டியூலிப்புக்கு வருவோம். அடி ஃப்ளூட்டைப் போலக் கூர்மையாகத் தொடங்கும், அதனால் குமிழி ஏறும் அழகு போகாது. நடுவில் வயிறு அகலும், மேலே வாய் மறுபடி குறுகும். ஊற்றுவது வயிற்றின் அகலமான இடம் வரைதான். அதற்கு மேலுள்ள வெற்றிடத்தில் மணம் திரளும், குறுகிய வாய் அதைச் சிதறவிடாது. மேற்பரப்பு கொஞ்சம் அகலம் என்பதால் கார்பன் டை ஆக்சைடு மூக்கின்மேல் ஒரே வீச்சில் மோதாது. ஷாம்பெயின் ஊரான ரான்ஸிலேயே இந்த மாற்றம் நடந்திருக்கிறது. அங்குள்ள லே க்ரேயேர் உணவகத்தின் சொமெலியராக, அதாவது ஒயின் பரிமாறும் நிபுணராக இருந்த ஃபிலிப் ஜாமெஸ், லேமன் என்ற கிளாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வயிறு அகன்ற ஷாம்பெயின் கிளாஸ்களை வடிவமைத்தார்.

வெள்ளை ஒயின் கிளாஸ் டியூலிப்புக்கு மிக அருகில் வருகிறது. குமிழி கொஞ்சம் சீக்கிரம் தளரும், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வயதான வின்டேஜ் ஷாம்பெயினுக்கு இதையே நான் முதலில் எடுப்பேன். அந்த வயதில் குமிழி பக்கவாத்தியம். கேட்க வேண்டியது மணத்தை. அப்போது மிகக் குளிராகவும் கொடுக்கக் கூடாது, 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது.

அப்படியானால் குமிழியில்லாத ஒயினுக்கு? திராட்சைக்குத் திராட்சை வேறு கிளாஸ் என்ற எண்ணத்தை உலகுக்குப் பழக்கியது ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம். அந்த நிறுவனத்தின் க்ளவுஸ் ரீடல் 1958இல் பர்கண்டி ஒயினுக்காகச் செய்த பெரிய கிளாஸ் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே இருக்கிறது. 1973இல் அந்த நிறுவனத்தின் ‘சொமெலியர்’ என்ற கிளாஸ் வரிசை வந்தது. பார்க்க அற்புதமான கிளாஸ்கள், சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்ட கிளாஸ்களுக்குப் பல காலம் சொல்லப்பட்ட விளக்கம், ஒயினை நாக்கின் சரியான பகுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பது. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த நாக்கு வரைபடம் தவறு என்பது எப்போதோ தெளிவாகிவிட்டது. எல்லாச் சுவையையும் நாக்கின் எல்லாச் சுவைப்பகுதிகளும் உணரும். அந்த விளக்கம் விழுந்துவிட்டது.

விழாமல் நிற்பது மணம் சார்ந்த விளக்கம். டோக்கியோவில் கோஜி மிட்சுபயாஷியின் குழு 2015இல் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடிக்கும் ஒரு கருவியால் இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டியது. 13 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்த ஒயினை வயிறு அகன்ற ஒயின் கிளாஸில் ஊற்றியபோது, ஆவி விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாக நின்றது. நடுவில் ஆல்கஹால் குறைவு. அதாவது மூக்கை நடுவில் வைத்தால் ஆல்கஹாலின் காட்டம் குறைந்து மணம் தெரியும். மார்ட்டினி கிளாஸிலும் நேரான டம்ளர் வகை கிளாஸிலும் அப்படி வளையம் உருவாகவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வயிறு அகலமாகவும் வாய் அதைவிடக் குறுகலாகவும் இருக்க வேண்டும் என்பதைத்தான். இதற்குள் வரும் எந்த ஒயின் கிளாஸும் நன்றாகவே வேலை செய்யும். பினோ நுவார் என்ற திராட்சையின் சிவப்பு ஒயினுக்குப் பெரிய உருண்டை வயிறு உண்மையிலேயே உதவுவதாக எனக்குத் தோன்றுகிறது, அதன் மணம் அவ்வளவு மெல்லியது. போர்தோ வகைச் சிவப்பு ஒயினுக்குத் தனி கிளாஸ், ஷிராஸுக்கு இன்னொன்று என்று வாங்கும் பணத்தில் இன்னும் நல்ல ஒயின் ஒரு பாட்டில் வாங்கலாம். ஒயின் சோதனைக்கென்றே பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1977இல் தரப்படுத்திய சின்ன கிளாஸ் சுமார் 215 மில்லி கொள்ளும். எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில் மதிப்பிட அது சரி, வீட்டில் ஆசையாகக் குடிக்கக் கொஞ்சம் ஒடுக்கம்.

கிளாஸைக் கழுவுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நல்ல டியூலிப்பையும் மோசமான கழுவல் கெடுத்துவிடும். குமிழி தானாகப் பிறப்பதில்லை. காற்றிலிருந்தோ துடைத்த துணியிலிருந்தோ ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத இழைக்குள் சிக்கிய காற்றிலிருந்துதான் அது கிளம்புகிறது. இழையே இல்லாத அப்பழுக்கற்ற கிளாஸில் ஷாம்பெயின் குமிழிடாமல் சும்மா நிற்கும். இதற்காகவே சில தயாரிப்பாளர்கள் கிளாஸின் அடியில் லேசரால் புள்ளி பொறிக்கிறார்கள். சோப்பு மிச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையை அடக்கிவிடும். அதனால் வெந்நீரில் நன்றாக அலசி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம் ஊற்றும் விதம். நேராக நிற்கும் கிளாஸின் நடுவில் சளசளவென்று ஊற்றுவதைவிட, பீர் ஊற்றுவதுபோல் கிளாஸைச் சாய்த்துச் சுவரோரமாக வழியவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் தங்குகிறது என்று லிஜே-பெலேர் குழு 2010இலேயே காட்டியது. பாட்டில் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகம் தங்கும். டியூலிப்போ வெள்ளை ஒயின் கிளாஸோ, சாய்த்துப் பாதிக்கும் குறைவாக ஊற்றி, குடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் மேஜையில் விட்டுவையுங்கள். முதல் வீச்சு வாயு அடங்கி, ரொட்டி வாசனை மேலே வர அந்த நேரம் போதும்.