பழைய மவுண்டன் பைக்குக்கு டிராப்பர்: வெளிக் கேபிளா, உள் கேபிளா, ஒயர்லெஸ்ஸா?

என்னிடம் இருப்பது 2009இல் வாங்கிய 26 அங்குல அலுமினிய ஹார்ட்டெய்ல், அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத பைக். சிங்கப்பூரில் வாரக் கடைசி என்றால் சாங்கி பாயிண்ட்டில் படகேறி, புலாவ் உபின் தீவில் இருக்கும் கெத்தாம் பாதைக்குப் போய்விடுவேன். அங்கே பல வருடம் நான் செய்துகொண்டிருந்தது இதுதான்: இறக்கம் வந்ததும் நிறுத்துவேன், சீட் கிளாம்ப்பைத் தளர்த்தி சீட்டை அமுக்கி இறுக்குவேன், கீழே போனதும் மறுபடி நிறுத்தி ஏற்றுவேன். ஒரு சுற்றில் ஏழெட்டுத் தடவை. பின்னால் வருகிறவர்கள் மரியாதையாகக் காத்திருப்பார்கள். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியவில்லை.

டிராப்பர் சீட் போஸ்ட் இந்த வேலையைக் கட்டைவிரலிடம் கொடுத்துவிடுகிறது. லீவரை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சீட் இறங்கும். உடம்பைத் தூக்கிவிட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்றழுத்தமோ ஸ்பிரிங்கோ அதை மேலே தள்ளிவிடும். புது பைக்குகளில் இது பெரும்பாலும் கூடவே வந்துவிடுகிறது. பழைய பைக்கில் எது போடலாம் என்ற முடிவை ஃபிரேம் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும். அது என்ன முடிவு என்று அளந்து தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.

முதலில் விட்டம். பழைய போஸ்ட்டை உருவினால் அடிப்பக்கம் எண் பொறித்திருக்கும். இல்லையென்றால் வெர்னியர் வேண்டும், டேப்பெல்லாம் இதற்கு உதவாது. இப்போதைய டிராப்பர்கள் பெரும்பாலும் 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. ஆகிய நான்கு அளவுகளில்தான் வருகின்றன. பழைய ஃபிரேம்களில் 26.8, 28.6, 30.0 என்று கண்ட அளவெல்லாம் இருக்கும். போஸ்ட் நுழையும் ஃபிரேம் குழாய் (சீட் டியூப்) பெரிதாகவும் போஸ்ட் சிறிதாகவும் இருந்தால் இடையில் ஷிம் என்ற மெல்லிய உறை போட்டுச் சரிக்கட்டலாம். குழாய் சிறிதாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. உள்ளே கடைந்து பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

என்னுடையது 27.2. கூட ஓட்டும் நண்பருடையது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள 2012ஆம் வருட ஃபுல் சஸ்பென்ஷன், 30.9. இருவரும் ஒரே மாதத்தில் டிராப்பர் தேடினோம், இரண்டு வேறு பதில்களில் போய் முடிந்தோம்.

27.2இல் ஒரு குறை உண்டு. டிராப்பர் என்பது ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய். வெளிக்குழாய் மெலிந்தால் உள்குழாய் இன்னும் மெலிய வேண்டும், ஆட்டமும் வளைவும் கூடும். அதனால் இந்த அளவில் இறக்கம் பெரும்பாலும் 100 மி.மீ. பக்கம் நின்றுவிடுகிறது, கொஞ்சம் முன்பின் இருக்கலாம். தடித்த அளவுகளில் 200ஐத் தாண்டியும் கிடைக்கிறது. ஆனால் அதைப் பார்த்து ஏங்கத் தேவையில்லை. பழைய ஃபிரேம்களின் சீட் டியூப்பே நீளம் என்பதால், அவ்வளவு இறக்கத்துக்கு இடமும் இருக்காது.

இந்தக் கணக்கில்தான் நான் சறுக்கப் பார்த்தேன். நான் வழக்கமாக ஓட்டும் உயரத்தில், கிளாம்ப்பின் மேல் விளிம்பிலிருந்து சீட்டின் கம்பி வரை 185 மி.மீ. இருந்தது. 125 மி.மீ. இறங்கும் போஸ்ட் போதும் என்று ஆர்டர் போடப் போனவன், கடைசி நேரத்தில் அதன் அளவுப் படத்தைப் பார்த்தேன். காலரும் (வெளிக்குழாயின் மேல் முனை வளையம்) தலையும் (சீட்டைப் பிடிக்கும் பகுதி) சேர்ந்தே 65 மி.மீ. ஆக, 125உடன் 65, மொத்தம் 190. முழுக்க உள்ளே தள்ளினாலும் என் கால் நீளத்துக்கு சீட் 5 மி.மீ. உயரமாகவே நிற்கும். 5 மி.மீ.தானே என்று தோன்றும், ஒரு மணி நேரம் மிதித்தால் முழங்காலுக்குப் பின்னால் தெரிந்துவிடும். 100 மி.மீ. வாங்கினேன்.

நண்பருக்குச் சிக்கல் கீழ்ப்பக்கம். அவருடைய ஃபிரேமில் சஸ்பென்ஷன் பிவட் (பின்பாகம் அசையும் மூட்டு) குறுக்கே வருவதால், போஸ்ட் 200 மி.மீ.க்கு மேல் உள்ளே போகாது. கேபிள் ஃபிரேமுக்குள் ஓடும் உள் கேபிள் போஸ்ட்டுகளில், லீவரை அமுக்கியதும் வேலை செய்யும் பகுதி அடிமுனையில் இருக்கும், அதற்கும் கீழே கேபிள் வளைந்து திரும்ப இடம் வேண்டும். ஹார்ட்டெய்லில் குழாய் நேராகக் கீழே போகும் என்றாலும், பாட்டில் கூண்டின் போல்ட் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கலாம். பழைய போஸ்ட்டை முட்டும் வரை இறக்கிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

இனி வகைகள். வெளிக் கேபிளிலேயே இரண்டு ஜாதி உண்டு, செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒன்றில் கேபிள் சீட்டுக்குக் கீழே தலைப்பகுதியில் பிடித்திருக்கும். 2010இல் வந்த முதல் ராக்ஷாக்ஸ் ரிவெர்ப் அப்படித்தான், அதில் கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் குழாய். சீட் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, வில் மாதிரி வெளியே வளையும். காலில் உரசும், சில சமயம் பின் டயரிலும். இன்னொன்றில் கேபிள் காலரிலேயே பிடித்திருக்கும், சீட் ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. கைண்ட் ஷாக்கின் முதல் லெவ் இந்த ஜாதி. அடிமுனையில் கருவி இல்லாததால் ஃபிரேமுக்குள் போக வேண்டிய ஆழமும் குறைவு. பழைய பைக்குக்கு என் ஓட்டு இதற்குத்தான், இரண்டாவது யோசனையே இல்லை.

உள் கேபிள் பார்க்க அழகு. சேறு படாது, கடைகளில் விதவிதமாகக் கிடைப்பதும் இதுதான். ஆனால் ஃபிரேமில் கேபிள் நுழைய ஓட்டை வேண்டும். அது இல்லாத ஃபிரேமில் டிரில் போட்டுக்கொள்ளும் தைரியசாலிகள் இருக்கிறார்கள். சீட் டியூப்பின் அடிப்பகுதி மிதிக்கும் விசையெல்லாம் சேரும் இடம், மெல்லிய அலுமினியத்தில் அங்கே ஓட்டை போட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பத்து வருடம் உழைத்த ஃபிரேமுக்கு அந்த மரியாதையாவது கொடுக்கலாம்.

ஒயர்லெஸ் இந்தத் தொல்லை எதுவும் இல்லாதது. ஓட்டை வேண்டாம், கேபிள் வேண்டாம், பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், நாளை வேறு பைக்குக்கும் மாற்றிக்கொள்ளலாம். காசுதான் விஷயம். 2019இல் ரிவெர்ப் ஏஎக்ஸ்எஸ் வந்தபோது விலை 800 அமெரிக்க டாலர். என் பைக்கை இன்று விற்றால் அதில் பாதி கூடத் தேறாது. அதுவும் 27.2 அளவில் வரவில்லை. 2021இல் வந்த அதன் எக்ஸ்பிஎல்ஆர் வடிவம் 27.2இல் உண்டு, ஆனால் மண் சாலையில் ஓட்டும் கிராவல் பைக்கை மனதில் வைத்துச் செய்தது, இறக்கம் 50 அல்லது 75 மி.மீ.தான். நண்பர் கடைசியில் ஒயர்லெஸ்தான் போட்டார். அவருக்கு 30.9, ஃபிரேமில் ஓட்டையும் இல்லை, ஆழமும் இல்லை, சம்பளம் மட்டும் என்னைவிட அதிகம். ஒரு நாள் பேட்டரியைச் சார்ஜரிலேயே மறந்துவிட்டு வந்தார். அன்று முழுக்க ஒரே உயரத்தில் ஓட்டினார், நான் எதுவும் சொல்லவில்லை.

எதுவும் வாங்காமல் இருப்பதும் ஒரு வழிதான். கருவி இல்லாமல் கையாலேயே திறக்கும் குயிக் ரிலீஸ் கிளாம்ப் சில சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கும். 1980களில் கலிபோர்னியாவில் ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் ஹைட் ரைட் என்று ஒரு ஸ்பிரிங் செய்தார்கள். அதைக் கிளாம்ப்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே மாட்டினால், குயிக் ரிலீஸைத் திறந்ததும் எடைக்கு சீட் இறங்கும், எழுந்தால் ஏறும். ஓடிக்கொண்டே ஒரு கையைக் கீழே விட வேண்டும், அவ்வளவுதான். நீண்ட ஏற்றம், நீண்ட இறக்கம் உள்ள மலையில் இன்றும் குயிக் ரிலீஸ் போதும். கெத்தாம் போல நிமிடத்துக்கொரு தரம் ஏறி இறங்கும் பாதையில்தான் டிராப்பரின் அருமை தெரியும்.

மாட்டும்போது என்னைப் படுத்தியது போஸ்ட் இல்லை, லீவர். என் பைக் 3×9 (முன்னால் மூன்று, பின்னால் ஒன்பது பல்சக்கரம்), இடது கைப்பக்கம் முன் கியர் ஷிஃப்டர் உட்கார்ந்திருந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே வரும் நல்ல லீவர்களுக்கு அந்த இடம்தான் வேண்டும். மேலே நிற்கும் குச்சி லீவரை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டேன், அதை எட்டக் கைப்பிடியை விட வேண்டியிருந்தது. அப்புறம் முன் டிரெய்லியரை (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) கழற்றி, நடுப்பல்சக்கரத்தின் இடத்தில் செயின் கழலாமல் பிடிக்கும் 32 பல் நேரோ-வைட் சக்கரம் ஒன்றைப் போட்டேன். 22 பல் சின்னச் சக்கரம் போனதில் வருத்தமில்லை; சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163.63 மீட்டர்தான். நீலகிரியில் ஓட்டுகிறவராக இருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேபிளுக்கு ஃபிரேமில் இருந்த பழைய பிடிகள் உதவவில்லை. அவற்றில் உள் கம்பி மட்டும்தான் நுழையும், டிராப்பருக்கோ முழு நீள ஹவுசிங் (கம்பியின் வெளியுறை) வேண்டும். டாப் டியூப்பின் அடியில் ஜிப் டை போட்டுக் கட்டினேன். வெட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து அமுக்கினால் சீட் இறங்கியது, ஏறத்தான் மனமில்லாமல் ஊர்ந்தது. போஸ்ட் பழுது என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்கக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணே, கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினீங்க?" என்றான். பழைய போஸ்ட்டுக்கு இறுக்கும் பழக்கத்தில் பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருந்தேன். வெளிக்குழாய் நசுங்கினால் உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். அரைச் சுற்றுத் தளர்த்தியதும் டக்கென்று மேலே வந்து நின்றது. 5 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். அதில் போஸ்ட் வழுக்கினால் பிடிமானம் தரும் கார்பன் பேஸ்ட் தடவ வேண்டும், கூட இறுக்கக் கூடாது.

இப்போது படகில் ஏற்றும்போது ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். சீட் கீழே இருக்கும்போது அதைப் பிடித்துப் பைக்கைத் தூக்குவதில்லை. சில போஸ்ட்டுகளில் அப்படி இழுத்தால் உள்ளே எண்ணெயில் காற்று கலந்து சீட் தொளதொளவென்று ஆகிவிடும். படகோட்டிக்கு இதெல்லாம் தெரியாது, சீட்டைத்தான் முதலில் பிடிப்பார். அதனால் அவர் கை நீட்டுவதற்குள் லீவரை அமுக்கி சீட்டை மேலே ஏற்றிவிடுகிறேன்.